பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மூன்று பிள்ளைகள். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் அவரவர் கேட்ட வாய்மொழியிலேயே எழுதி, என் பதிலையும் சேர்த்துவிட்டேன்.

வீட்டுக்கல்வின்னா என்ன சிஸ்டர்? ட்யூஷன் மாதிரியா?

இல்லை. பள்ளியில் நடக்கும் படிப்புக்குத் துணையாக வருவது ட்யூஷன். வீட்டுக்கல்வியில் படிப்பின் மொத்தப் பொறுப்பும் பெற்றோருடையது. எதை, எப்போது, எந்தப் புத்தகத்திலிருந்து என்று நாமே முடிவெடுக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் அம்மாவே சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. இசைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று வெளியே அனுப்பலாம்.

2020-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பலர் வீட்டுக்கல்வி என்று நினைக்கிறார்கள். அதுவும் பள்ளிதான். பிள்ளை உட்கார்ந்த இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

சட்டப்படி இது செல்லுமா? யாராவது வந்து கேட்டால்?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். விசுவாசத்தைக் காரணமாகச் சொல்லி ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தொடுத்த வழக்கை 2006-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு. ஆனால் சில மாநிலங்களில் வருடாந்திரத் தேர்வும் பதிவேடும் கேட்பார்கள், சிலவற்றில் ஒன்றுமே கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தின் 1996-ம் வருடக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்கி, அது பள்ளியிலோ வேறு விதத்திலோ இருக்கலாம் என்கிறது. இந்தியாவின் 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று சொல்கிறது. வீட்டுக்கல்வியை அது அனுமதிப்பதாகவும் எழுதவில்லை, தடுப்பதாகவும் எழுதவில்லை.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சட்டத்தைப் படிக்காமல் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இருக்கிற இடத்தின் சட்டத்தைப் படித்துவிட்டு ஜெபம் பண்ணுங்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாதுன்னு வேதத்திலேயே இருக்காமே?

இல்லை. எல்லோரும் எடுத்துக்காட்டுவது உபாகமம் 6-ம் அதிகாரம். தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேச வேண்டும் என்று அங்கே இருக்கிறது. பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் அந்தக் கட்டளை அப்படியே பொருந்தும். பின்னக் கணக்கை யார் சொல்லித்தர வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அன்னாளை நினைத்துப் பாருங்கள். அழுது ஜெபித்துப் பெற்ற சாமுவேலைப் பால் மறந்ததும் சீலோவிலே ஆலயத்து ஆசாரியன் ஏலியிடம் விட்டுவிட்டு வந்தாள். அந்த ஏலியின் சொந்தப் பிள்ளைகளோ ஒழுங்கற்றவர்கள். தானியேல் பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான். மோசேக்கு எகிப்தியரின் சகல சாஸ்திரங்களும் கற்பிக்கப்பட்டன. வேதத்தில் பிள்ளைகள் பல வழிகளில் வளர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கல்வியைப் பரிசுத்தத்தின் மேல்படி மாதிரிப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம். நானே முதல் இரண்டு வருடம் அப்படித்தான் பேசித் திரிந்தேன்.

அப்போ நீங்க ஏன் ஆரம்பிச்சீங்க?

சபையில் சாட்சி சொல்லும்போது, "ஜெபித்தேன், கர்த்தர் நடத்தினார்" என்று சுருக்கமாகச் சொன்னேன். ஜெபித்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் இருக்கிறது. மூத்தவளுக்கு அப்போது 6 வயது. பள்ளியிலிருந்து வருவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், அழுவாள், நான் அதட்டுவேன், தூங்கிவிடுவாள். அவள் உற்சாகமாக இருக்கிற நேரமெல்லாம் வேறு யாருக்கோ போகிறது, களைத்துப்போன மிச்சம்தான் எனக்கு வருகிறது என்று அன்று தோன்றியது. அவளை விட்டுப் பிரிந்திருக்க முடியவில்லை என்பதுதான் முதல் காரணம். வசனங்கள் பிறகுதான் வந்து சேர்ந்தன.

கணவருக்கு அடிக்கடி வேலை மாற்றம் வந்ததும் ஒரு காரணம். அதைச் சாட்சியில் நான் சொல்லவில்லை.

டீச்சர் ட்ரெயினிங் எதுவும் இல்லாம கணக்கெல்லாம் எப்படிச் சொல்லித்தர்றீங்க?

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளை உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரியவைப்பது தனித் திறமை. அது எனக்கு இல்லை, தேவையும் இல்லை. என் எதிரே இருப்பது ஒரே பிள்ளை. புரியவில்லை என்றால் முகத்தில் உடனே தெரிந்துவிடும். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரம் முன்னேறுகிறார்கள் என்று பெஞ்சமின் புளூம் என்ற கல்வி ஆய்வாளர் 1984-ல் எழுதியது பிரபலம். சராசரி மாணவர்கூட வகுப்பின் உச்சிக்கு அருகே வந்துவிடுகிறார் என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனாலும் பலன் உண்டு என்று தெரிந்தது.

எனக்கு வந்த சிக்கல் வேறு. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று மூத்தவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பட்டப்படிப்பு முடித்தவள் நான்! இரண்டு நாள் கழித்து ஒரு தாளை மடித்துப் பார்த்தோம். அரைத் தாளுக்குள் எத்தனை கால் தாள் இருக்கிறது? இரண்டு. அரையைக் காலால் வகுத்தால் இரண்டு வருகிறது. ஒரு முழுத் தாளுக்குள் நான்கு கால் இருப்பதால்தான் நான்கால் பெருக்குகிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. ஒன்பதாம் வகுப்பு அளவுக்கு வந்தபோது இது என் கையை மீறிவிட்டது. கணக்குக்கு ஒரு ஆசிரியையைத் தேடிக்கொண்டோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்களேன் அக்கா.

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொன்னால்தான் இப்போது செய்வது புரியும். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன், எட்டு பீரியட். கரும்பலகை வாங்கினேன். வெண்கல மணி ஒன்று வாங்கி, பீரியட் மாறும்போதெல்லாம் அடித்தேன். ஒரே ஒரு மாணவிக்கு! எந்தப் பள்ளி வேண்டாம் என்று அவளை வீட்டில் நிறுத்தினேனோ அதையே வீட்டுக்குள் கட்டிவைத்திருந்தேன். மூன்றாவது வாரம் அவள் மணியை ஒளித்துவைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரைப் பற்றிப் படித்தேன். 1842-ல் பிறந்து 1923-ல் இறந்தவர், விசுவாசி, கல்யாணம் ஆகாதவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் 15, 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, ஆனால் அந்த நேரம் முழுக்கக் கவனம் இருக்க வேண்டும் என்பார். நல்ல புத்தகத்தை ஒரே முறை வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். கேள்வி பதில் மனப்பாடம் கிடையாது. திரும்பச் சொல்லச் சொன்னால் பிள்ளைக்கு எது மனதில் பட்டது என்று தெரியும். யோசேப்பின் கதையில் என் மகனுக்கு நினைவில் நின்றது பல நிற அங்கி இல்லை, அண்ணன்மார் அவனைத் தள்ளிய குழியில் தண்ணீர் இல்லை என்பது.

இப்போது காலையில் சேர்ந்து ஒரு சங்கீதம், ஜெபம். தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கு. பிறகு வாசிப்பு, திரும்பச் சொல்வது, கொஞ்சம் எழுத்து. தமிழ் தினமும் உண்டு. 247 எழுத்து என்று பயமுறுத்தாமல், 12 உயிரும் 18 மெய்யும் கற்றபின் கொம்பும் காலும் எப்படிச் சேர்கின்றன என்று காட்டினால் போதும், மீதியைப் பிள்ளைகளே கூட்டிக்கொள்வார்கள். எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம்தான், மத்தியானத்துக்குமேல் புத்தகம் இல்லை. வெளியே போவது, வரைவது, வீட்டு வேலை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இதெல்லாம் கவிழ்ந்துவிடும், சங்கீதம் மட்டும் நடக்கும்.

வெறும் மூணு மணி நேரமா? பள்ளியில் நாள் முழுக்கப் படிக்கிறாங்களே?

வருகைப் பதிவு, வரிசையில் நிற்பது, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது, இவையெல்லாம் வீட்டில் இல்லை. சின்ன வயதில் மூன்று மணி நேரம் தாராளம். பெரிய வகுப்புக்கு வந்தால் ஐந்து, ஆறு ஆகும். அதற்குள் அவர்களே தனியாக உட்கார்ந்து படிக்கப் பழகியிருப்பார்கள்.

வேதத்தை எப்படிப் பாடமா வைக்கிறீங்க? மார்க் போடுவீங்களா?

மார்க் கிடையாது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். நடுவில் உள்ளவன் ஒரு தடவை பொய் சொன்னான். பொய்யைப் பற்றிய ஒரு வசனத்தை 20 தடவை எழுதச் சொன்னேன். எழுதினான். பல மாதம் கழித்து அதே வசனம் குடும்ப ஜெபத்தில் வந்தபோது அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வேதத்தை நான் பிரம்பாக்கியிருந்தேன். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கத் தகப்பன்மாருக்குச் சொல்லும் எபேசியர் 6:4-ஐ அதுவரை கணவருக்குத்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பெரியவர்கள் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். இது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லி வீட்டில் இருந்த வழக்கம். மூத்த பிள்ளை கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரத்தையும் வாசிக்கும், அடுத்தது அடுத்ததை. தம்பிக்கு விளக்க வேண்டுமே என்று வாசிக்கும்போது அக்காவுக்கே புதிதாக ஏதோ தெரிகிறது.

சூசன்னா அம்மையார் 19 பிள்ளைகளைப் பெத்துச் சொல்லிக்கொடுத்தாங்க. உனக்கு மூணுக்கே மூச்சு வாங்குதா?

கேட்டவர் சபையில் பெரியவர், அதனால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே பதில் சொல்கிறேன் ஐயா. பிறந்தவை 19, பிழைத்து வளர்ந்தவை 10. வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை எழுத்து சொல்லித்தரமாட்டார். ஐந்து ஆனதும் ஒரே நாளில் எழுத்து முழுவதையும் கற்பித்து, ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் வாசிப்பைத் தொடங்கிவிடுவார். (தமிழில் அது நடக்காது, 26 எழுத்துக்காரர்களின் சௌகரியம்.) தன் வாழ்வின் நல்ல வருடங்களில் இருபதுக்கு மேல் இதற்கே கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்று 1732-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே கேட்டிருக்கிறார். அவருக்கும் மூச்சு வாங்கியிருக்கிறது.

கோபமே வராதா உங்களுக்கு?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். சூசன்னா ஒரு பிள்ளைக்கு ஒரே விஷயத்தை இருபது தடவை சொல்வதைப் பார்த்து, எப்படி இவ்வளவு பொறுமை என்று கணவர் கேட்டாராம். பத்தொன்பது தடவையோடு நிறுத்தியிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்குமே என்று சூசன்னா சொன்னாராம். நான் மூன்றாவது தடவையே குரலை உயர்த்துகிறவள். ஒரு நாள் கூட்டல் கணக்கில் மகள் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தபோது நோட்டைக் கிழித்துவிட்டேன். அவளுக்கு ஏழு வயது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டிக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையின் தவறுகளை வேறு ஒருவர் பார்ப்பார். வீட்டில் வைத்தால் நாம் பார்க்கிறோம், நம்முடைய தவறுகளைப் பிள்ளையும் நாள் முழுக்கப் பார்க்கிறது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்துபோகக் கற்றுக்கொண்டேன். இப்போதும் கோபம் வருகிறது, நோட்டுகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் வருகிறவர்கள், தூக்கமில்லாமல், அழுகையோடு நாட்களைத் தள்ளுகிறவர்கள், இதைத் தொடங்காதீர்கள். தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள், வைத்தியரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

நாலு பேரோட பழகாம வளர்ந்தா நாளைக்கு உலகத்தில் எப்படி நிற்பாங்க?

எல்லோரும் கேட்பது இது, கேட்க வேண்டியதும் இதுதான். வீட்டில் படிக்கிற பிள்ளை தானாகவே கூச்சப்படும் என்பது இல்லை, தானாகவே பழகிவிடும் என்பதும் இல்லை. பள்ளியில் கூட்டம் தானாக அமையும், இங்கே நாம் உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். என் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, விளையாட்டுக் குழு, இசை வகுப்பு இருந்தன. ஆனால் மூத்தவளுக்குத் தன் வயதில் தினமும் சந்திக்கிற தோழி ஒருத்தியும் இல்லை. அந்தக் குறையை நான் சமாளித்துப் பேசினேனே தவிர தீர்க்கவில்லை.

இன்னொன்று. நம் பிள்ளைகளை நன்றாகத் தெரிந்த, நம்மைக் கேள்வி கேட்கக்கூடிய பெரியவர்கள் வெளியே சிலராவது இருக்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிப்பார், காயத்தைக் கவனிப்பார். பூட்டிய வீட்டில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. வெளியாள் யாரும் பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே ஒருவர் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தால், அவர் விசுவாசியே ஆனாலும் நான் சந்தேகப்படுவேன். எங்கள் சபையில் மனம் பொருந்தியவர்களின் நெருக்கத்தை மட்டும் சமூகம் என்று எண்ணியதும் என் தவறு. வேறு மதத்துப் பிள்ளைகளோடு விளையாடத் தொடங்கியபின்தான் என் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைப் பற்றி உண்மையான கேள்விகள் கேட்டார்கள்.

பரிணாமம், டைனோசர் இதெல்லாம் சொல்லித்தருவீங்களா, மறைச்சிடுவீங்களா?

சொல்லித்தருகிறேன். உயிரியல் புத்தகத்தில் இருக்கிறபடியே, விஞ்ஞானிகள் எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பதோடு. ஆதியாகமத்தின் நாட்களை எப்படி வாசிப்பது என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு என்பதையும் சொல்கிறேன். பட்டாணிச் செடிகளை வைத்து மரபின் விதிகளைக் கண்டு 1866-ல் வெளியிட்ட கிரெகோர் மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ் கிறிஸ்தவர். மறைத்தால் ஒரு நாள் பிள்ளைக்குத் தெரியவரும். அம்மா இதை மறைத்தாள் என்றால் வேறு எதை மறைத்தாளோ என்ற கேள்வி அடுத்து வரும்.

எட்டு வயசாகியும் வாசிக்க வரலை. பொறுத்திருக்கலாமா?

என் மனதை இன்னும் அறுக்கிற கேள்வி. என் மகனுக்கு எட்டு வயதில் வாசிக்க வரவில்லை. "அவசரப்படுத்தாதே, தானாக வரும்" என்று வீட்டுக்கல்வி வட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மை. நானும் நம்பி ஒன்றரை வருடம் காத்திருந்தேன். பிறகு பரிசோதித்தபோது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, என்று தெரிந்தது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லித்தரும் பயிற்சி கிடைத்ததும் வாசிக்கத் தொடங்கினான், மெதுவாக.

அந்த ஒன்றரை வருடம் அவன் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஆறு, ஏழு வயதில் எதுகை பிடிபடவில்லை, எழுத்தின் ஒலி நிற்கவில்லை, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் உடனே காட்டுங்கள். கண்ணையும் காதையும்கூடச் சோதியுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகப் பொறுத்திருக்கலாம்.

பரீட்சை, சர்டிபிகேட்டுக்கு என்ன வழி?

தனித்தேர்வராக எழுதலாம். இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். கேம்பிரிட்ஜ் பன்னாட்டுப் பள்ளித் தேர்வுகளையும் தனித்தேர்வராக எழுத முடியும், ஏற்றுக்கொள்ளும் மையத்தை முதலிலேயே தேட வேண்டும். பிள்ளை எந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறதோ அந்தக் கல்லூரியின் விதிகளை 13 வயதிலேயே பார்த்துவிடுங்கள். செய்முறைத் தேர்வுள்ள அறிவியல் பாடங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்க வீட்டுக்காரர் என்ன செய்வார்?

ஆரம்பத்தில், "நீ நல்லாப் பண்றே" என்று பாராட்டுவார். பாராட்டு போதாது என்று நான்காம் வருடம் சொன்னேன். இப்போது சனிக்கிழமை அறிவியல் அவருடையது, எனக்கு அன்று விடுமுறை.

வீட்டிலேயே வெச்சு வளர்த்தா விசுவாசத்தில் நிலைச்சு நிற்பாங்க இல்லையா?

உத்தரவாதம் எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். அவன் தகப்பனோ கிரேக்கன். ஆசாரியனாகிய ஏலியின் வீட்டிலேயே வளர்ந்த அவன் பிள்ளைகள் எப்படி ஆனார்கள் என்று மேலேயே சொன்னேன். என் மகன் போன வருடம், "எனக்கு ஜெபிக்கத் தோன்றவில்லை" என்றான். கட்டாயப்படுத்தவில்லை. எங்களோடு உட்காருகிறான், வாய் திறப்பதில்லை.

உங்க மூத்த மகளே பள்ளிக்குப் போயிட்டாளே, அப்போ தோத்துட்டீங்களா?

தோழி இல்லாத குறையைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அவளே ஒரு நாள் வந்து, "அம்மா, நான் பள்ளிக்குப் போகிறேன்" என்றாள். 15 வயது. ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு நுழைவுத் தேர்வுக்கு நானே தயார் செய்தேன். முதல் பருவத்தில் நேரத்துக்குள் எழுதி முடிக்கத் தெரியாமல் திண்டாடினாள். அது நான் பழக்காத ஒன்று. மற்றபடி சமாளித்துக்கொண்டாள்.

சாயங்காலம் களைத்துப்போய்தான் வருகிறாள், ஆறு வயதில் வந்த மாதிரியே. பையை வைத்துவிட்டு அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் திரும்பச் சொல்கிறாள். நான் கேட்கிறேன்.

அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல என்ன வாங்கணும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். பள்ளியிலிருந்து நிறுத்துகிறீர்கள் என்றால் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கிவிடுங்கள், திரும்பச் சேர்க்க நேர்ந்தால் கேட்பார்கள். முதல் மாதம் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை எப்போது தெளிவாக இருக்கிறது, எப்போது சிணுங்குகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு அன்றன்று செய்ததை இரண்டு வரி எழுதிவையுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் முடிவு செய்யுங்கள். வருடம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்து, கணவரும் நீங்களும் பிள்ளையும் உட்கார்ந்து, அடுத்த வருடம் வேண்டுமா என்று பேசுங்கள்.